அக்னி மூலை

எங்கள் ஊர்ப் பக்கம் திசை தெரியாமல் நிற்பவர்கள் ஏதாவது ஒரு மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தால் போதும். எந்தக் கம்பெனி டிஷ்ஷாக இருந்தாலும், புதுசோ துருப்பிடித்ததோ, கொஞ்சம் முன்னே பின்னே எல்லாம் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கிழக்கும் தெற்கும் சேருகிற மூலை. வாஸ்து பார்ப்பவர்கள் அடுப்படி கட்டச் சொல்கிற அக்னி மூலை.

காரணம் எளிமையானது. டிடிஹெச் சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுகின்றன. அதனால் கீழே இருக்கும் நமக்கு அவை ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். இந்திய டிடிஹெச் சேவைகளுக்கான சாட்டிலைட்டுகள் 83 டிகிரி கிழக்கிலிருந்து 108 டிகிரி வரை வரிசையாக நிற்கின்றன. தேனி மாவட்டம் இருப்பது சுமார் 77½ டிகிரியில். ஆக எங்களுக்கு அவை எல்லாமே கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, தலைக்கு மேலே நல்ல உயரத்தில்.

அந்தப் புள்ளியைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி கையை நீட்டிக் காட்டக்கூடிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து என் சித்தப்பாதான். சின்னமனூரில் இருக்கிறார். முதலில் ஆண்டெனாக்காரர், அப்புறம் ரொம்ப வருஷம் டிஷ்காரர், இப்போது கேமராக்காரர். மூன்று பட்டமும் தெரு கொடுத்தது. எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்ததில்லை. ஒரு டிஷ் மாட்டினால் இவ்வளவு, ஒரு கம்ப்ளெய்ன்ட் பார்த்தால் இவ்வளவு என்று வாங்கியே ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

இந்தியாவில் டிடிஹெச் தாக்குப்பிடிக்குமா என்று வணிகப் பத்திரிகைகள் சில வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பங்கு வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு மாதிரியான கேள்வி. சித்தப்பாவின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மேகமலைக்கு நாலைந்து தடவை போய்வந்த எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. இந்தத் தொழில் படுத்தால் யார் வீட்டு டிவி அணையும்? யாருடையது அணையாது?

*

சித்தப்பா இந்த வேலைக்கு வந்தது தூர்தர்ஷன் காலத்தில். அதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது ஓட்டு வீடுகளின் உச்சியில் இருந்தது மீன்முள் மாதிரி அலுமினியக் கம்பி கோத்த ஆண்டெனா. அது பார்த்த திசை வேறு: கொடைக்கானல் மலை. ஒருத்தர் கூரைமேல் ஏறிக் குழாயைத் திருகுவார், இன்னொருத்தர் வாசலில் நின்று, "தெரியுது... தெரியுது... போச்சு!" என்று கத்துவார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தொடங்குவதற்குள் தெருவுக்கு நாலு கூரையிலாவது ஆள் நிற்கும். காற்றில் திரும்பிப்போன ஆண்டெனாவை நேராக்க அஞ்சு ரூபாய் வாங்குகிற பையனாகத்தான் அவர் ஆரம்பித்திருக்கிறார்.

பிறகு கேபிள். 1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் டிவி தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே ஊர் ஊராக ஒரு பெரிய குடை முளைத்தது. குடைக்குக் கீழே ஒரு அறை, அறையிலிருந்து தெருத்தெருவாகக் கறுப்பு வயர். கேபிளுக்கு ஒரு கணக்கு உண்டு. வீடுகள் நெருங்கி இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு தெருவில் அறுபது வீடு என்றால் வயர் போட்ட காசு சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். தோட்டத்துக்குள் ஒற்றையாக நிற்கும் வீட்டுக்கு யார் அரை மைல் வயர் இழுப்பார்கள்? மலையை விடுங்கள். சின்னமனூரிலிருந்து கொண்டைஊசி வளைவுகள் ஏறி மேகமலைக்குப் போனால் ஒரு எஸ்டேட்டுக்கும் அடுத்த எஸ்டேட்டுக்கும் நடுவில் தேயிலையும் காடும்தான். நடுவே ஒரு லயன், பத்துப் பன்னிரண்டு வீடுகள். அப்புறம் மறுபடியும் காடு.

அந்த வீடுகளுக்குப் பட்டணத்து டிவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது டிடிஹெச்தான். ஆனால் அது இந்தியாவுக்குள் நுழைந்த விதம் சுமுகமானதல்ல. ரூபர்ட் முர்டாக்கின் கம்பெனி தொடங்கத் தயாராக இருந்தபோது, 1997இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. வானத்திலிருந்து நேராக வீட்டுக்குள் வருவதை யார் கட்டுப்படுத்துவது என்ற பயம் அப்போது இருந்தது. 2000 நவம்பரில்தான் விதிமுறைகளோடு அனுமதி வந்தது. 2003 அக்டோபரில் டிஷ் டிவி, 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை, 2007 டிசம்பரில் சன் டைரக்ட், 2008இல் ரிலையன்ஸ் பிக் டிவியும் ஏர்டெல்லும், 2009இல் வீடியோகான். ஆறு வருஷத்தில் ஆறு தனியார் சேவைகள். இடையில் 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதச் சந்தா இல்லாத டிடி டைரக்ட் பிளஸ்ஸைத் தொடங்கியது. இன்றைய டிடி ஃப்ரீ டிஷ் அதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காலும் உண்டு. 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, ஜெயித்து, 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் பற்றிக் கிண்டலும் பாராட்டும் நிறைய எழுதியாகிவிட்டது. மலைமேல் அது உண்டாக்கிய நிலைமை ஒன்றுண்டு: பெட்டி வந்துவிட்டது, படம் வர வழியில்லை. தூர்தர்ஷனும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதே சமயத்தில்தான் மலிவு விலை டிஷ்ஷும் சந்தைக்கு வந்தது. சித்தப்பாவுக்கு அது பொற்காலம். காலையில் முதல் பஸ்ஸில் டிஷ்ஷுகளை ஏற்றிவிட்டு, பின்னாலேயே வண்டியில் ஏறுவார். ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் முன்பணத்தோடு நிற்பார்களாம்.

லயன் வீடுகளில் டிஷ் மாட்டுவது தனி வித்தை. கூரை ஷீட்டில் ஆணி அடிக்க முடியாது. பழைய சுவர் போல்ட்டைத் தாங்காது. அதனால் வாசலில் குழி தோண்டி, சிமென்ட் கட்டையில் குழாயை இறுக்கி, தரையிலேயே நிறுத்துவார். தரையில் நின்றால் குரங்கு வந்து எல்.என்.பி.யைப் பிடித்துத் தொங்கும். அதற்குச் சுற்றி முள்கம்பி. மேற்குப் பருவமழை ஏறிவிட்டால் மேகம் வாசல்வரை இறங்கி நிற்கும். டிடிஹெச் வருகிற கேயூ பேண்ட் அலைவரிசைக்கு மழைத்துளி ஆகாது. முக்கியமான கட்டத்தில் சீரியல் நின்றுபோகும். "அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா, வருணபகவான்கிட்டதான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்," என்பார் சித்தப்பா. மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும், பாதி சீரியல் போயிருக்கும்.

இரவங்கலாறு பக்கம் ஒரு லயனில் அவர் மாட்டிய முதல் டிஷ்ஷின் வீட்டை எனக்குக் காட்டியிருக்கிறார். அங்கே இருக்கும் அக்காவுக்கு இப்போது அறுபதுக்கு மேல். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். "முத ரெண்டு நாளு இந்த வீட்டுல நாப்பது பேரு உக்காந்து பாத்தோம். சின்னமனூருல ஓடுற அதே நாடகம், அதே நேரத்துக்கு. கீழ இருக்க எங்க அண்ணன் மகளுக்குப் போனப் போட்டு, என்ன பாத்தியான்னு நான் கேட்டேன்," என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த 'அதே நேரத்துக்கு'. மலைக்கு எது வந்தாலும் கீழே இருப்பவர்கள் பயன்படுத்தி முடித்த பிறகுதான் வரும். ரோடு, டாக்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லாமே. தாமதம் இல்லாமல் வந்தது இது ஒன்றுதான். சென்னையில் பெரிய வீட்டில் இருப்பவருக்கும் லயனில் இருப்பவருக்கும் சாட்டிலைட்டிலிருந்து தூரம் ஏறத்தாழ ஒன்றுதானே.

*

வானத்தில் இருப்பது நிரந்தரம் என்ற நம்பிக்கை 2010இல் ஒருமுறை ஆட்டம் கண்டது. ஜூலை 7ஆம் தேதி இன்சாட்-4பி சாட்டிலைட்டில் மின்சாரக் கோளாறு. 2007 மார்ச்சில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட அந்தச் சாட்டிலைட்டின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் வரவில்லை. டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அப்போது 93.5 டிகிரியில் நின்ற அந்தச் சாட்டிலைட்டில்தான் இருந்தது. ஒளிபரப்பை 91.5 டிகிரியில் நின்ற மலேசியாவின் மீசாட்-3க்கு மாற்றினார்கள்.

ரெண்டு டிகிரிதான். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. டிஷ்ஷின் விளிம்பில் அளந்தால் ஏறக்குறைய ஒரு விரல் அகலம். ஆனால் அந்த ஒரு விரல் அகலத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனிதர் போய் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். மேலே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அதைச் செய்ய முடியாது. தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகள்.

அந்த ரெண்டு மூன்று வாரம் சித்தப்பா வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தாராம். நட்டைத் தளர்த்தி, விளிம்பைப் பிடித்து ஒரு விரல் தள்ளி, லேசாக நிமிர்த்தி, மீட்டரில் பீப் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, மறுபடி இறுக்கணும். நூறு வீடு முடிந்தபோது மீட்டரே தேவைப்படவில்லையாம், கையே சொல்லிவிடுமாம். இதை அவர் பெருமையாகச் சொல்வார். கூடவே இன்னொன்றும் சொல்வார். "அன்னைக்குத்தான்டா எனக்குத் தெரிஞ்சது, மேல இருக்கதும் ஒரு மெஷினுதான்னு. அதுக்கும் ரிப்பேரு வரும், அதுக்கும் வயசாகும்."

தொடர்பு சாட்டிலைட்டுகளின் ஆயுள் பொதுவாக 12 முதல் 15 வருஷம். இடத்தை விட்டு நகராமல் இருக்க அவ்வப்போது எரிபொருளை எரித்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். எரிபொருள் தீர்ந்தால் கதை முடிந்தது. பெட்ரோல் பங்க் எதுவும் மேலே இல்லை. பழையது முடிவதற்குள் புதியதை அனுப்ப வேண்டும், அல்லது வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே சந்தா கட்டுகிற வீடுகள் வேண்டும். மேலே இருப்பது கீழே இருப்பவர்களை நம்பித்தான் நிற்கிறது என்பது அப்போது யாருக்கும் கவலையாகத் தெரியவில்லை. வீடுகள் ஏறிக்கொண்டே இருந்தன.

*

இறங்கத் தொடங்கியது எப்போது என்று ஒரு தேதியைச் சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து போன் டேட்டா மலிவானது. 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை வந்தது. நூறு சேனல்கள் வரைக்கும் அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் தனி, அதற்கு வரி தனி, வேண்டிய கட்டணச் சேனலுக்குக் காசு தனி. பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று சொல்லித்தான் அந்த மாற்றம் வந்தது. பல வீடுகளில் பில் ஏறியது. பிறகு கோவிட், வீட்டுக்கு வீடு ஃபைபர், ஸ்மார்ட் டிவி. 2023இல் ஐபிஎல்லைப் போனில் இலவசமாகவே காட்டினார்கள்.

டிராய் கணக்குப்படி, 2020 இறுதியில் கட்டண டிடிஹெச் சந்தாதாரர்கள் ஏறக்குறைய 7.1 கோடி. 2024 மார்ச்சில் 6.2 கோடி. 2025 மார்ச்சில் 5.7 கோடி. நாலேகால் வருஷத்தில் 1.4 கோடி வீடுகள் போயிருக்கின்றன.

அதில் ஒரு வீடு எங்களுடையது. அப்பா ஃபைபர் கனெக்‌ஷன் எடுத்துப் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கினார். மாடியில் சும்மா கிடந்த டிஷ்ஷைக் கழற்ற வந்தவர் சித்தப்பாதான். மாட்டியவரும் அவர்தான். அண்ணன் வீடு என்பதால் ஒன்றும் பேசவில்லை. நட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்சநேரம் காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரை முழங்கையில் சுற்றிக் கட்டி, எல்.என்.பி.யைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எதுக்கு சித்தப்பா, துருப்பிடிச்சதுதானே?" என்றேன். "மேல யாருக்காச்சும் ஆகும்டா," என்றார். மேல என்றால் மலை.

கீழே கழற்றுவதெல்லாம் இப்போது அப்படித்தான் மேலே போகிறது. சின்னமனூரில், உத்தமபாளையத்தில், கம்பத்தில் கழற்றிய எல்.என்.பி.யும் ஸ்டாண்டும் மேகமலை லயன்களில் உதிரிபாகம். பார்க்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கிறது. சித்தப்பாதான் எனக்கு அதன் இன்னொரு பக்கத்தைச் சொன்னார், பஸ்ஸை வைத்து.

"மலைக்குப் போற பஸ்ஸு எப்பிடி ஓடுதுன்னு நெனைக்கிற? கடைசி ஸ்டாப்புல எறங்குற எட்டுப் பேரு காசுலயா? எட்டுப் பேரு போனாலும் அம்பது பேரு போனாலும் டீசலு ஒண்ணுதான். நடுவுல ஏறி எறங்குறாய்ங்கள்ல, அவய்ங்க காசுலதான் பஸ்ஸு கடைசிவரைக்கும் போகுது. நடுவுல உள்ளவய்ங்க எல்லாம் பைக்கு வாங்கிட்டா?"

சாட்டிலைட்டின் கணக்கு அப்படியே இதுதான். கேபிளுக்கு ஒரு வீடு கூடினால் செலவு கூடும், ஒரு தெரு போனால் அந்தத் தெருவின் வயரைச் சுருட்டிக்கொள்ளலாம். சாட்டிலைட்டைச் சுருட்ட முடியாது. ஒரு கோடி வீடு பார்த்தாலும் ஒரே ஒரு வீடு பார்த்தாலும் அது நாடு முழுவதும் பொழிந்துகொண்டுதான் இருக்கும். டிரான்ஸ்பாண்டர் வாடகை ஒன்றுதான். கூட்டம் ஏறும்போது இதுவே பெரிய வரம். கூட்டம் இறங்கும்போது இதுவே கழுத்துக்குக் கயிறு. போகிற ஒவ்வொரு சந்தாவும் மிச்சமிருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. முதலில் போகிறவர்கள் வேறு வழி இருப்பவர்கள். மிச்சமிருப்பவர்கள் வேறு வழி இல்லாதவர்கள். இத்தனை வருஷமும் மலையில் டிவி ஓடியது கீழே இருந்த வீடுகளின் சந்தாவில்தான். யாரும் அதை உதவி என்று நினைத்துச் செய்யவில்லை. எங்கள் அப்பா மாதாமாதம் ரீசார்ஜ் செய்தது கிரிக்கெட் பார்க்க. அந்தப் பணத்தில் இரவங்கலாறு வரைக்கும் படம் போனது.

*

கம்பெனிகளின் நிலைமையைப் பார்த்தால் பஸ் உதாரணம் இன்னும் நன்றாகப் புரியும். முதலில் வந்த டிஷ் டிவி, 2018 மார்ச்சில் வீடியோகான் டி2ஹெச்சோடு இணைந்து அப்போது நாட்டிலேயே பெரிய சேவையானது. அதற்குப் பிறகு சந்தாதாரர்கள் குறைந்து, சொத்தைவிடக் கடன்பொறுப்பு அதிகமான கம்பெனியாகிவிட்டது. உரிமக் கட்டணப் பாக்கியாக 4,164 கோடி ரூபாய் கேட்டு 2020 டிசம்பரில் மத்திய அரசு நோட்டீஸ் அனுப்பியது. டாடா ஸ்கை 2022 ஜனவரியில் பெயரிலிருந்த ஆகாயத்தையே எடுத்துவிட்டு டாடா பிளே ஆனது. அதுவும் ஏர்டெல்லின் டிடிஹெச்சும் இணைவது பற்றி 2025 பிப்ரவரியில் பேச்சு நடப்பதாக அறிவித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் பேச்சு முடிவுக்கு வராமல் நின்றுபோனது. ரிலையன்ஸ் பிக் டிவி எப்போதோ கைமாறி மறைந்துவிட்டது.

கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது. டிடிஹெச் கம்பெனிகள் வருமானத்தில் 8 சதவீதம் அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்ட வேண்டும். கேபிளுக்கு அது இல்லை. ஓடிடிக்கு இல்லை. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் இல்லை. இதை 3 சதவீதமாகக் குறைத்து, 2026-27க்குப் பிறகு முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று டிராயே 2023 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. நியாயமான பரிந்துரைதான். ஆனால் கட்டணம் போனாலும் நடு ஸ்டாப் பயணிகள் திரும்பி வருவார்களா என்பது வேறு விஷயம்.

இது இந்தியாவின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் டைரக்டிவியை ஏடி அண்ட் டி 2015இல் சுமார் 4,850 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் அதே டைரக்டிவி தன் நீண்டகாலப் போட்டியாளர் டிஷ் டிவியை, பெரும் கடனையும் ஏற்றுக்கொண்டு, ஒரு டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஒரே ஒரு டாலர். (அங்கேயும் அதற்கு டிஷ் என்றுதான் பெயர், நம் ஊர் டிஷ் டிவி வேறு.) கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளாததால் நவம்பரில் அதுவும் முறிந்தது. பிரிட்டனில் ஸ்கை, 2021இலேயே டிஷ் தேவையில்லாத டிவியை விற்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு சாட்டிலைட் மேலே போனது என்பதுதான் விசித்திரம். 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-24. 24 கேயூ பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள், முழுவதையும் டாடா பிளேவே குத்தகைக்கு எடுத்தது. வடிவமைப்பின்படி அதன் ஆயுள் 15 வருஷம். அதாவது 2037 வாக்கில்வரை அந்த மெஷின் மேலே இருக்கும். இந்தச் செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "சாட்டிலைட்டு இருக்கும்டா. ரீசார்ஜ் வாங்குற ஆபீஸ் இருக்குமா? பெட்டி ரிப்பேரானா மாத்திக்குடுக்க ஆளு இருக்குமா?"

*

அப்படி ஒன்றும் இல்லாமல் போய்விடாது, ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று சொல்லலாம். உண்மைதான். நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பார்ப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதக் காசு கிடையாது. சித்தப்பாவே மலையில் சில வீடுகளுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதில் தனியார் சேனல்கள் ஏலம் எடுத்துத்தான் இடம் பிடிக்கின்றன. சந்தா வருமானம் உள்ள சேனல் இலவசத்துக்கு வராது. விளம்பர வருமானத்தை நம்பி வருபவை, பார்வையாளர் அதிகம் உள்ள இந்திக்காக வருகின்றன. பட்டியலை முதலிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் இந்திப் படம், இந்திப் பாட்டு, இந்திச் செய்தி. தமிழைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன அரசுச் சேனல் கிடைக்கும். அக்காவின் எட்டு மணி சீரியல் கிடைக்காது.

பழைய ஆண்டெனாவுக்குத் திரும்பவும் வழியில்லை. தூர்தர்ஷன் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை எல்லைப்பகுதி போன்ற சில இடங்களைத் தவிர 2022 வாக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. மீன்முள்ளை மறுபடி கூரையில் நட்டுக் கொடைக்கானல் பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல்தான் வரும். டிஷ் வந்ததால் ஆண்டெனா போனது. டிஷ் போனால் அந்த இடத்துக்கு எது வரும் என்று மலைக்கு யாரும் சொல்லவில்லை.

ஃபைபர் வரும் என்பார்கள். வரலாம். இன்றைக்கு அந்த லயனில் போனுக்கே சிக்னல் கிடைப்பது வாசலைத் தாண்டி ஒரு பாறைமேல் ஏறினால்தான். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அந்தப் பாறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது, அதற்கும் கூரைமேல் டிஷ் வைக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ஆர்வமாகிவிட்டார்.

"அதுக்கு அலைன்மென்ட்டு எந்தப் பக்கம்?"

"பக்கமே இல்ல சித்தப்பா. அந்தச் சாட்டிலைட்டெல்லாம் தாழ்வா ஓடிக்கிட்டே இருக்கும். டிஷ்ஷே தானாத் தேடிப் பிடிச்சுக்கும்."

"தானாவேவா?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்குடா?" என்று சிரித்தார். பிறகு, "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். எவ்வளவு வந்தாலும் அது லயன் வீட்டுக் கணக்குக்கு வராது என்று ரெண்டு பேருக்குமே தெரியும்.

இப்போது அவருக்குச் சோறு போடுவது சிசிடிவி. கடைகள், தோப்பு, கல்யாண மண்டபம் என்று கேமரா மாட்டுகிறார். அதே டிரில்லிங் மெஷின், அதே ஏணி, பல இடங்களில் டிஷ்ஷிலிருந்து கழற்றிய அதே வயர். வருமானம் மோசமில்லை. மலைக்குப் போவது மாசத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. போனால் பெட்ரோல் காசுகூடத் தேறாது. ஆனாலும் போன் வந்தால் போகிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நாம் மாட்டிக் கொடுத்தது, நாமதான் பார்க்கணும் என்கிற மாதிரி ஏதோ ஒன்று அவருக்குள் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மாறினார்கள், பெயர்கள் மாறின, கஸ்டமர் கேர் எண்கள் மாறின. மலைமேல் இருப்பவர்களைப் பொறுத்தவரை டிடிஹெச் என்பது பத்து இலக்கத்தில் ஒரு மனிதர். அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. முழங்கால் வலி. அவருக்குப் பிறகு ஸ்பேனரோடு அந்த வளைவுகளில் ஏற யாரும் பழகவில்லை. அவர் மகன் பெங்களூரில் இருக்கிறான்.

ஒரு சேவை நின்றுபோவதை நாம் ஒரு தேதியாகக் கற்பனை செய்கிறோம். இத்தனையாம் தேதி நள்ளிரவோடு ஒளிபரப்பு நிறுத்தம் என்று அறிவிப்பு வரும் என்று. மேகமலையில் அப்படி நடக்காது என்று நினைக்கிறேன். ஒரு மழையில் எல்.என்.பி. போகும், மாற்ற ஆள் வர மூன்று வாரமாகும். ஒரு பெட்டி கெடும், அந்த மாடல் இப்போது இல்லை என்பார்கள். பேக் விலை இன்னொரு இருபது ரூபாய் ஏறும், ஒரு வீடு நிறுத்தும். சாட்டிலைட் பாட்டுக்கு மேலே நின்று பொழிந்துகொண்டிருக்கும். சின்னமனூரிலோ சென்னையிலோ இருக்கும் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. நம் படம் நிற்காதே.

போன ஜூனில் சித்தப்பாவோடு மேலே போனபோது, அக்கா வீட்டில் வேலை சின்னதுதான். குரங்கு திருப்பிவிட்டுப் போயிருந்தது. மீட்டரை எடுக்காமலே விளிம்பைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். உள்ளேயிருந்து படம் வந்த சத்தம் கேட்டது. கடுங்காப்பி கொடுத்துவிட்டு, அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்தார். ரீசார்ஜுக்கு எப்போதும் சித்தப்பா போனிலிருந்துதான் போடுவார்கள்.

"தம்பி, வருசத்துக்கா ஒரேயடியாப் போட்டா ஒரு மாசக் காசு கொறையுமாமே? மகன் இந்தத் தடவ கூடக் கொஞ்சம் அனுப்பியிருக்கான். வருசத்துக்கே போட்டுருவமா?"

சித்தப்பா பணத்தை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அக்கா கையிலேயே கொடுத்தார்.

"வேணாங்கக்கா," என்றார். "மாசாமாசம் போட்டுக்குவோம்."